ஒன்றரை மணி பஸ்

உக்காருங்க டீச்சர், தாராளமா உக்காருங்க. பையை நான் மடியில வச்சுக்கிறேன். டீச்சர்னு எப்படிக் கண்டுபிடிச்சேன்னு பாக்குறீங்களா? காலங்காத்தால காட்டன் சேலையை மடிப்புக் கலையாம பின் குத்திக்கிட்டு இந்தப் பரமக்குடி பஸ்ல தொத்துறது வேற யாரு, நம்ம இனம்தான். அப்புறம் அந்தப் பிளாஸ்டிக் பைல்ல ஆர்டர் வச்சிருக்கீங்களே, கண்ணாடி போடாமலே மேல இருக்கிற கொட்டை எழுத்து தெரியுது. சொல்வதை எழுதுபவர். துணைத்தேர்வுக்கா? முதல் தடவையா?

அப்ப நல்லவேளை என் பக்கத்துல உக்காந்தீங்க. எனக்கு யாரும் சொல்லிக் குடுக்கலை டீச்சர். சொல்லிக் குடுத்திருந்தா இந்த வயசுல இந்த பஸ்ல நான் ஏன் குலுங்கிக்கிட்டுப் போகப் போறேன்? பரமக்குடியிலயே, வீட்டுலேர்ந்து கூப்பிடு தூரத்துல வேலை பாத்தவ நான். தமிழாசிரியை. வசந்தகோகிலா டீச்சர்னு கேட்டுப் பாருங்க, ரெண்டு தலைமுறை சொல்லும். ஜூன் மாசம் தூக்கி அடிச்சிட்டாங்க, கடைசி ஸ்டாப்புக்கு. போகையில ஒரு மணி நேரம், வரையில ஒரு மணி நேரம். ஒரு பொம்பளைக்கு ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரத்தைப் பிடுங்கிட்டா அவகிட்ட மிச்சம் என்ன இருக்கும், சொல்லுங்க பாப்போம். ஒரு மணி நேரம்னா என்னன்னு அந்த ஆபீசருங்களுக்குத் தெரியாது டீச்சர்.

நடந்ததைச் சொல்றேன், நீங்களே நியாயம் சொல்லுங்க.

இந்த மார்ச் கடைசியில பத்தாம் வகுப்புப் பரீட்சை ஆரம்பிச்சுது இல்லையா, எனக்கு வெளியூர்ப் பள்ளிக்கூடத்துல இந்த வேலையைப் போட்டாங்க. பொண்ணு பேரு நாகப்பிரியா. பிறக்கையிலயே மூச்சு முட்டிப் பிறந்ததாம். கை ரெண்டும் முறுக்கிக்கிட்டு இருக்கும், கழுத்து நிக்காது, பேச்சு இழுத்து இழுத்து வரும். ஒரு வார்த்தை வெளிய வர்றதுக்குள்ள நமக்கு மூச்சு வாங்கிரும். அறிவெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு, இல்லேன்னு சொல்லலை. அதுக்கு அரசாங்கம் ரெண்டு சலுகை குடுத்திருந்துச்சு. எழுத ஒரு ஆளு, எல்லாருக்கும் மேல ஒரு மணி நேரம். மத்தவங்களுக்கு ஒண்ணே காலுக்கு முடிஞ்சா இதுக்கு ரெண்டே கால்.

இந்த ஒரு மணி நேரத்தை அனுமதிச்சுக் கையெழுத்துப் போட்டாரே ஒரு பெரியவரு, அவரு ஒண்ணை யோசிக்கலை. புள்ளைக்குக் கூட ஒரு மணி நேரம் குடுத்தா, எழுதுறவளுக்கும் அது ஒரு மணி நேரம் தானே? அவ மட்டும் என்ன ரெண்டே கால் வரைக்கும் மண்ணுல நட்டு வச்ச குச்சியா?

தமிழ்ப் பரீட்சைக்கு நான் எழுதக் கூடாது, என் பாடம். அதனால ஜெயசீலன் சார்னு ஒரு டிராயிங் மாஸ்டர் உக்காந்தாரு. கல்யாணம் ஆகாதவரு, வீட்டுக்குப் போயி என்ன பண்ணப் போறாரு. ரெண்டே கால் மணி வரைக்கும் உக்காந்து, வரிக்கு வரி திருப்பிக் காட்டி, இடையில உறிஞ்சு குழல் போட்டு மோர் வேற குடுத்திருக்காரு. அவரு கெடுத்து வச்சதுதான் டீச்சர் எல்லாம். தமிழ்ல தொண்ணூத்தி ஒண்ணு வாங்குச்சு அது. தமிழ் எல்லாருக்கும் வரும், தாய்மொழி தானே.

அடுத்தது இங்கிலீஷ். நான் போயி உக்காந்தேன். சத்தியமாச் சொல்றேன், அன்னைக்கு முழு நேரமும் உக்காந்தேன். ரெண்டே காலுக்குப் பேப்பரைக் குடுத்துட்டு மெயின் ரோட்டுக்கு வந்தா ஒன்றரை மணி பஸ் போயிருச்சு. அடுத்தது மூணே முக்காலுக்குத்தான். ஒரு பெட்டிக்கடை நிழல்ல நின்னேன், நின்னேன், கால் வீங்கிப் போச்சு. வீட்டுக்குப் போறப்ப மணி நாலே முக்கால். என் மகன் விஷ்வேஷ் காலையில வச்ச சாப்பாட்டைத் தொடவே இல்லை, போனைப் பாத்துக்கிட்டு மல்லாக்கப் படுத்திருக்கான். அவனுக்கு மே மாசம் நீட்டு. போன வருஷம் எழுதுனான், பத்தலை. பாவம் புள்ளை, இன்னொரு வருஷம் வீட்டுல உக்காந்து நிதானமாப் படிக்கட்டும்னு விட்டிருந்தோம். நான் பக்கத்துல உக்காந்தாத்தான் அவனுக்குப் படிப்பு ஓடும். நான் அன்னைக்கு அழுதுட்டேன் டீச்சர். ஊரான் புள்ளையை ஊட்டி வளர்த்தா தன் புள்ளை தானா வளரும்னு சொல்லுவாங்க. சொன்னவங்க வீட்டுல யாருக்கும் நீட்டு இல்லை.

அன்னைக்குத்தான் முடிவு பண்ணேன். தெரிஞ்ச புள்ளைக்கு மூணு மணி நேரத்துல தெரியும். தெரியாததுக்கு நாலாவது மணி நேரத்துல சாமி வந்து சொல்லுமா?

அதுக்கு அடுத்தது கணக்கு. பரீட்சை ஆரம்பிக்கும் முன்னாடியே சொல்லிட்டேன், ஒளிச்சு மறைச்சு எதுவும் செய்யலை. இந்தா பாரு தங்கம், இன்னைக்கு ஒண்ணே காலுக்கு முடிச்சிரணும், வேகமாச் சொல்லு அப்படின்னேன். அது தலையை ஆட்டுச்சு. அது தலை எப்பவும் ஆடிக்கிட்டுத்தான் இருக்கும், ஆனா இது சரின்னு ஆட்டுனது, எனக்குத் தெரியும்.

எங்களுக்கு சயின்ஸ் லேப்ல தனியா இடம் போட்டிருந்தாங்க. கணக்குல என்ன தொந்தரவுன்னா, அது மனசுல போட்டுச் சொல்லணும், நான் எழுதணும், எழுதுனதை அது கண்ணால பாத்துட்டு அடுத்த வரியைச் சொல்லணும். காகிதத்துல பாத்தாத்தான் அடுத்தது தோணுமாம். காட்டுங்க மிஸ், காட்டுங்க மிஸ்னு ஒரு கணக்குக்கு அஞ்சு தடவை. முதல்ல காட்டுனேன். பதினொண்ணரை ஆச்சு, பன்னெண்டு ஆச்சு, பாதிப் பேப்பர் கூடத் தாண்டலை. அதுக்கு மேல நான் காட்டலை. எழுதுறதுதான் என் வேலைன்னு ஆர்டர்ல போட்டிருக்கு. கண்காட்சி நடத்துன்னு போடலையே. வேகமாச் சொல்லும்மான்னா அதுக்கு இன்னும் நாக்கு இழுத்துக்கும், உடம்பு விறைச்சுக்கும், எச்சில் ஒழுகும். நான்தான் என் கர்சீப்பால தொடைச்சு விட்டேன். அதை யாரும் விசாரணையில கேக்கலை பாருங்க.

ஒண்ணு அஞ்சுக்கு நான் நூலைக் கட்ட ஆரம்பிச்சேன். அப்பத்தான் கேட்டுச்சு.

"மிஸ், இன்னும் ஒரு மணி நேரம் இருக்குல்ல மிஸ்?"

நான் சொல்ற மாதிரி இவ்வளவு சட்டுன்னு வரலை. அதைச் சொல்லி முடிக்கவே ஒண்ணு எட்டு ஆயிருச்சு. நான் கோவப்படலை டீச்சர். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னேன்.

"உனக்கு இருக்கும்மா. எனக்கு பஸ் இல்லை."

அது அழவும் இல்லை. அழுதாலும் நமக்குத் தெரியாது, அது முகம் எப்பவும் ஒரு பக்கம் கோணித்தான் இருக்கும்.

ஒண்ணே காலுக்கு பேப்பர் வாங்க மையத்து அதிகாரி வந்தாரு. இவங்களுக்கு ரெண்டே கால் வரைக்கும் இருக்கேன்னாரு. முடிச்சிருச்சு சார்னு சொன்னேன். அவரு அதுக்கிட்ட குனிஞ்சு, முடிச்சிட்டியாம்மான்னு கேட்டாரு. இது வாயைத் திறந்துச்சு. திறந்தா உடனே வந்துருமா? கழுத்து ஒரு பக்கம் போகுது, தாடை ஒரு பக்கம் போகுது, ஒரு எழுத்து கூட வெளிய வரலை. மனுஷன் நின்னுக்கிட்டே இருக்காரு, கையில முப்பது கட்டு. பாவமா இருந்துச்சு எனக்கு. அதான் நானே, ஆமாங்கிறா சார்னு சொல்லிட்டேன். அவரு வாங்கிக்கிட்டுப் போயிட்டாரு. அப்புறமும் அது வாய் கொஞ்ச நேரம் அசைஞ்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு. நான் பையை எடுத்துக்கிட்டேன்.

அம்போன்னு விட்டுட்டா போனேன்? வராந்தா வரைக்கும் பள்ளிக்கூடத்துச் சக்கர நாற்காலியைத் தள்ளிட்டு வந்து, வேப்பமரத்துக் காத்து வர்ற பக்கமா நிறுத்திட்டுத்தான் போனேன். அது அம்மாக்காரி சத்துணவு சமையலுக்குப் போறவ. காலையில டிவிஎஸ் வண்டியில, தன் இடுப்போட சேர்த்துத் துண்டால கட்டிக் கொண்டாந்து இறக்கிட்டு, வேலையை முடிச்சு ரெண்டே காலுக்குத்தான் வருவா. ஆக அந்த ஒரு மணி நேரம் புள்ளை காத்தாட உக்காந்திருந்துச்சு. கஷ்டம் ஒண்ணும் இல்லை. எனக்கெல்லாம் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் அப்படி உக்காரக் குடுத்து வைக்கலை.

அன்னைக்கு ஒண்ணு சொன்னேன், அதையும் பின்னாடி பெரிசாக்கிட்டாங்க. அம்மா ஏற்கனவே உன்னைத் தூக்கிச் சுமக்குறாங்க, இதையெல்லாம் சொல்லி அவங்களைக் கஷ்டப்படுத்தாதன்னேன். இது மிரட்டலா? நீங்களே சொல்லுங்க. தாய் மனசு நோகக் கூடாதுன்னு ஒரு புள்ளைக்குப் புத்தி சொல்றது மிரட்டலா?

அது நல்ல புள்ளை. சொல்லவே இல்லை. அறிவியலுக்கும் அப்படித்தான், சமூக அறிவியலுக்கும் அப்படித்தான். ஒரு மணி அடிச்சா அதுவே வாயை மூடிக்கும். நான் பேனாவை மூடுறதுக்கு முன்னாடியே அது வாயை மூடிக்கும். அவ்வளவு பாந்தம். ஒன்றரை மணி பஸ்ல ஜன்னலோர சீட்டே கிடைச்சுது எனக்கு.

கடைசிப் பரீட்சை அன்னைக்கு என் கெட்ட நேரம், சத்துணவுக் கூடத்துல கேஸ் தீந்து போயி அம்மாக்காரி சீக்கிரம் வந்துட்டா. நான் போயி அஞ்சு நிமிஷம் கூட ஆகியிருக்காது. புள்ளை தனியா வராந்தாவுல உக்காந்திருக்கு. மூஞ்சியில ஈ. அதுக்கு ஓட்ட கை வராது இல்லையா. வாச்மேன் இருக்கானே, அவனுக்கு ஏன் வாய் அரிக்குதோ, தினம் இப்படித்தாம்மா உக்காந்திருக்கும், நீங்கதான் லேட்டா வர்றீங்கன்னு நெனச்சேன்னு சொல்லியிருக்கான். அவ சண்டை போடலை. சத்தம் போட்டிருந்தாலாவது நானும் பதிலுக்குச் சத்தம் போட்டு முடிஞ்சிருக்கும். ஈயை ஓட்டிட்டு, துண்டால கட்டிக்கிட்டு, பேசாமப் போயிட்டாளாம். அழுத்தக்காரி.

மே மாசம் ரிசல்ட்டு வந்துச்சு. மத்ததுல எல்லாம் பாஸு. கணக்குல இருபத்தி ஒம்போது. ஆறு மார்க்குல போச்சு.

அதுக்கு நான் என்ன பண்றது? அரையாண்டுல கணக்குல எழுபத்தஞ்சுக்கு மேலயாம், அவங்க கணக்கு சார் என்னமோ என் வீட்டு வாசல்ல வந்து கத்துறாரு. அவரு என்ன சொல்றாருங்கிறீங்க, கூட்டல் கழித்தல் எல்லாம் மனசுலயே போடும் டீச்சர், பதினொண்ணாவதுல கணக்கு குரூப்பு எடுத்து கம்ப்யூட்டர் படிக்கணும்னு மூணு வருஷமா சொல்லிக்கிட்டிருந்த புள்ளை டீச்சர், அதுக்குக் கை வேண்டாம், கண்ணசைவுல கம்ப்யூட்டர் ஓட்டலாம்னு நான்தான் ஆசை காட்டுனேன்னு கண்ணைக் கசக்குறாரு. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். எனக்கென்ன வாய்ப்பாடா மறந்து போச்சு? அது சொன்னதை நான் எழுதுனேன். சொல்லாததை எழுதுனாத்தானே தப்பு.

அம்மாக்காரி திங்கக்கிழமை கலெக்டர் ஆபீசு மனு நாள்ல புள்ளையை இடுப்புல கட்டிக்கிட்டே போயி நின்னுருக்கா. அப்படிப் போயி நின்னா யாருக்குத்தான் இரக்கம் வராது? நான் என் புள்ளையை இடுப்புல கட்டிக்கிட்டுப் போயி நிக்க முடியுமா, எழுபது கிலோ.

விசாரணை வச்சாங்க. ஹெட்மாஸ்டர் ரூம்ல ஆபீசர், நான், அம்மாக்காரி, அந்தப் பொண்ணு. நான் எல்லாத்தையும் விளக்கமாச் சொன்னேன். என் கால் வீக்கத்தைக் கூடக் காட்டுனேன். ஆபீசர் எல்லாத்தையும் கேட்டுட்டு அதுக்கிட்ட திரும்புனாரு. நேரம் முடியுறதுக்கு முன்னாடி பேப்பரை ஏன்மா குடுத்தேன்னு கேட்டாரு. இது என்னத்தைச் சொல்லி என் பொழப்புல மண்ணைப் போடப் போகுதோன்னு குலதெய்வத்தை எல்லாம் கூப்பிட்டேன்.

அது ஆரம்பிச்சுது. கழுத்து போகுது, தாடை போகுது, கை முறுக்குது. யாரும் குறுக்க பேசலை. அந்த ஆபீசர் பேனாவை மூடி மேஜையில வச்சிட்டு அப்படியே காத்துக்கிட்டிருக்காரு. அவருக்கு வாசல்ல ஜீப்பு நிக்குது, எவ்வளவு நேரம் வேணும்னாலும் காத்திருக்கலாம். கடைசியில சொல்லுச்சு.

"மிஸ்ஸுக்கு பஸ் இருந்துச்சு சார்."

அவ்வளவுதான். பாத்தீங்களா, அந்தப் புள்ளைக்கே என் கஷ்டம் புரிஞ்சிருக்கு. நான் அப்பவே எந்திரிச்சு, பாருங்க சார், அதுவே என் பக்கம்தான் பேசுதுன்னு சொன்னேன். ஆபீசர் என்னை ஒரு பார்வை பாத்தாரு, அந்தப் பார்வை எனக்கு இன்னைக்கு வரைக்கும் அர்த்தமாகலை. அடுத்த வாரம் மெமோ. அதுக்கு அடுத்த வாரம் இந்த மாறுதல். பாதிக்கப்பட்டவளே எனக்காகச் சாட்சி சொல்லியும் தண்டனை. நல்லதுக்குக் காலம் இல்லை டீச்சர்.

நீங்க ஏன் தள்ளித் தள்ளி உக்காருறீங்க? சீட்டு இடிக்குதா? நல்லா வாங்க இந்தப் பக்கம்.

மகனுக்கா? எங்க டீச்சர், இந்த வருஷமும் பத்தலை. நான் இந்த விசாரணையிலயே அலைஞ்சா அவன் எப்படிப் படிப்பான்? அவங்க அப்பா ஏதாவது டிகிரியில சேத்து விடலாம்னாரு. நான் விடலை. இன்னொரு வருஷம் குடுப்போம்னுட்டேன். அவசரப்படுத்துனா புள்ளைங்களுக்கு மூளை வேலை செய்யாது டீச்சர். நான் முப்பது வருஷமா வாத்தியார், எனக்குத் தெரியாதா? ஒவ்வொரு புள்ளைக்கும் ஒரு வேகம். அதுக்கு உண்டான நேரத்தைக் குடுக்கணும். நேரத்தைக் குடுத்தா எந்தப் புள்ளையும் ஜெயிச்சிரும்.

என்ன, எந்திரிச்சிட்டீங்க? இங்கயா இறங்குறீங்க? இது செங்கமேந்தல் விலக்கு. நான் நீங்க முதுகுளத்தூர் வரைக்கும் போறீங்கன்னு இல்ல நெனச்சேன். இங்கதான் சென்டரா? அந்த வேப்பமரத்துப் பள்ளிக்கூடம் தானே?

இன்னைக்கு என்ன பரீட்சை, கணக்கா?

அடடே. அப்ப அவளேதான். இங்க வேற யாரு இருக்கா துணைத்தேர்வுக்கு ஆள் வச்சு எழுத.

அட நில்லுங்க டீச்சர், கண்டக்டர் ஒரு நிமிஷம் நிறுத்துவாரு, ஏம்ப்பா, கொஞ்சம் பொறு. முகத்தை ஏன் அப்படி வச்சிருக்கீங்க, பயப்படாதீங்க. அது ரொம்ப நல்ல புள்ளை, உங்களுக்கு ஒரு கஷ்டமும் குடுக்காது. நான் கேட்டேன்னு சொல்லுங்க. ரெண்டே கால் வரைக்கும் நேரம் இருக்கும்மான்னு நீங்க எவ்வளவு சொன்னாலும் அது கேக்காது, பாத்துக்கங்க. ஒரு மணி அடிச்சா தானா வாயை மூடிக்கும். ஒன்றரை மணி பஸ்ஸைப் பிடிச்சிரலாம் நீங்க. நான் அப்படிப் பழக்கி வச்சிருக்கேன்.